முதலில் மாலைதீவு வரை மட்டும் போங்கள்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். வயது 26. காலியில் தச்சு வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களாக ஒரு வெளிநாட்டுத் தம்பதியரின் பாய்மரப் படகிலேயே தங்கி, அதைப் பெருங்கடல் பயணத்துக்குத் தயார் செய்கிறேன். ஜனவரியில் மாலைதீவு வழியாக சீஷெல்ஸ் போகிறார்கள். மூன்றாவது ஆளாக என்னையும் அழைக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து அம்மா அழுதபடி இருக்கிறார். ஹட்டன் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவன் நான். போகலாமா?

பதில்: தம்பி, அம்மாவின் அழுகையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையகத்தில் கப்பல் என்றாலே பிரிவுதான். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன அக்காவை, அண்ணனை மறுபடி பார்க்காமலே போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! உங்கள் அம்மாவின் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. "ஒன்றும் ஆகாது அம்மா" என்ற வார்த்தை அவருக்குப் போதாது.

அதனால், சீஷெல்ஸ் வரை வருவதாக இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். மாலைதீவு வரை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். காலியிலிருந்து ஏறக்குறைய 400 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் ஒரு நாளில் 120. ஆக மூன்றரை, நான்கு நாள் பயணம். ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும். பிடிக்காவிட்டால் மாலேயிலிருந்து விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு வந்துவிடலாம். அதற்கு அப்பால் ஆயிரம் கடல் மைலுக்கு மேல் இருக்கிறது. மனம் மாறினாலும் நடுவில் இறங்க முடியாது. நான்கு நாள் என்றால் அம்மாவாலும் விரல் விட்டு எண்ண முடியும்.

வாந்தியை நினைத்துப் பயப்பட வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களுக்கும் கடலில் இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடுவதுதான் வழக்கம். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு அல்ல, புறப்படும் முன்பே போட வேண்டும். படகின் உள்ளே குனிந்து வேலை செய்யாமல் மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி, உப்பு பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

எனக்குக் கவலை தருவது படகும் அதன் சொந்தக்காரரும்தான். நானும் பத்து வருடம் இப்படிப் படகுகளில் வேலை செய்தவன். ஒரு முறை, கேட்கக் கூச்சப்பட்டு, எதையும் பார்க்காமல் ஏறினேன். இரண்டாம் இரவு பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பி ஒன்று அறுந்தது. விடியும் வரை மூன்று பேர் கயிற்றால் அந்த மரத்தை இழுத்துக் கட்டியபடி இருந்தோம். அந்தக் கம்பியைக் கரையிலேயே சோதிக்க ஒரு பிடி பஞ்சு போதும். கம்பியோடு பஞ்சை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்து வாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் அங்கே பஞ்சு சிக்கி நூலாகத் தொங்கும். கம்பி முனையை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோக மூட்டின் ஓரத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. அங்கே இரண்டு முறை பாருங்கள்.

நீங்கள் தச்சர். படகின் அடியில் தண்ணீர் வந்துபோகும் துளைகளுக்கு வால்வு இருக்கும். ஒவ்வொரு துளையின் அளவுக்கும் மென்மரத்தில் கூம்பாக ஒரு அடைப்பான் செதுக்கி, அந்தந்த வால்வின் பக்கத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். குழாய் பிய்ந்தால் இருட்டில் அதைத் தேடக் கூடாது.

பிறகு கப்டனிடம் கேளுங்கள். உயிர்காப்புத் தெப்பம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? அவசரச் சமிக்ஞைக் கருவியின் பற்றரி காலாவதியாகிவிட்டதா? இரவில் தனியாகக் காவல் இருக்கும்போது, பாதுகாப்புப் பட்டியைப் படகோடு கொளுவிக்கொள்ளும் வழக்கம் உண்டா? சீஷெல்ஸ் வரை போவதானால், மூன்று பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு லீற்றர் என்றால் 20 நாளைக்கு 240 லீற்றர் தண்ணீர் வேண்டும், இருக்கிறதா? நல்ல கப்டன் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவார், எழுந்து போய்க் காட்டுவார். முகம் சுளிப்பவருடன் போகாதீர்கள்.

திரும்பி வரும் விமான டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாலைதீவில் படகின் ஆட்பட்டியலிலிருந்து பெயரை நீக்க என்ன நடைமுறை என்பதையும் காலியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன நம் பெண்கள் அதைக் கொடுத்துவிட்டுப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

நெருக்கடியான இடத்தில் வாழ்வதை யாரும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு லயக் காம்பராவில் ஆறு பேராக வளர்ந்தவர் நீங்கள். ஆனால் வீட்டில் சண்டை வந்தால் இஸ்தோப்பில் போய் உட்காரலாம்; படகில் அது கிடையாது. இந்த இரண்டு மாதத்தில் அந்தத் தம்பதியர் களைப்பாக இருக்கும்போது உங்களிடம் எப்படிப் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கடலிலும் அப்படித்தான் பேசுவார்கள். அந்த நினைப்பே கசந்தால், காலியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

புறப்படும் முன் அம்மாவை ஒரு நாள் காலிக்கு அழைத்துப் போங்கள். வரும்போது தோட்டத்துக் கோவா நாலைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்காத கோவாவை, மேல் இலையை உரிக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. அதை எங்கே தொங்கவிடுவீர்கள், எங்கே படுப்பீர்கள் என்று அவர் பார்க்கட்டும். அங்கேயே ஒரு ரொட்டி சுட்டு, சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள்.

செய்தி விஷயத்தையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். செய்மதிக் கருவி பழுதாகலாம். நான்கு நாள் செய்தி வராவிட்டால் அது கருவியின் கோளாறாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்தத் தேதி வரை காத்திருப்பது, அதன் பிறகு கப்டனின் வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.