கண்டிக்கிற தகுதி யாருக்கு இருக்கு?

வணக்கம் அண்ணா,
2016ல ஜெர்மன் பார்லிமென்ட் ஆர்மேனிய இனப்படுகொலையை அங்கீகரிச்சுத் தீர்மானம் போட்டப்போ, முதல்ல நீங்க நமீபியாவுல செஞ்சதுக்குக் கணக்குச் சொல்லுங்கன்னு துருக்கி ஜனாதிபதி எர்டோகன் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதுல என்ன தப்பு? கையில ரத்தக்கறையோட இருக்கிற நாடு அடுத்தவனைக் கண்டிக்கலாமா?
- எஸ்.

அன்புள்ள எஸ்.,

எர்டோகன் சொன்ன விஷயம் உண்மைதான். நமீபியா அப்போ ஜெர்மனியோட காலனி, ஹெரேரோ அந்த மண்ணோட மக்கள். 1904 அக்டோபர்ல வான் ட்ரோத்தாங்கிற ஜெர்மன் தளபதி, எங்க எல்லைக்குள்ள இருக்கிற ஹெரேரோ யாரா இருந்தாலும், கையில துப்பாக்கி இருந்தாலும் இல்லாட்டியும் சுடப்படுவான்னு உத்தரவே போட்டான். தப்பிச்சவங்களை ஒமாஹெகே பாலைவனத்துக்குள்ள துரத்திவிட்டு தண்ணி இருக்கிற இடத்துல எல்லாம் காவல் போட்டாங்க, தாகத்துலயே ஜனங்க கும்பல் கும்பலா செத்தாங்க. மிச்சம் இருந்த ஹெரேரோ, நாமா மக்களை முகாம்கள்ல அடைச்சாங்க. செத்தவங்க தலையை வேகவச்சு, கண்ணாடிச் சில்லால சதையைச் சுரண்டி எடுக்கிற வேலையை அங்க கைதியா இருந்த பெண்களையே செய்ய வச்சாங்க. அந்த மண்டை ஓடுகள் இன ஆராய்ச்சிக்குன்னு ஜெர்மனிக்குப் போச்சு, 2011லதான் முதல் 20 திரும்பி வந்துச்சு.

அதனால ஜெர்மனி வாயைத் திறக்கக்கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. 1915ல துருக்கியோட அன்னைய ஒட்டோமான் அரசு சிரியா பாலைவனத்துக்கு நடக்க வச்சே கொன்னுச்சே, அந்த ஆர்மேனியர்களோட பேரப்பிள்ளைங்ககிட்டப் போய், உங்களுக்காகப் பேச வந்தவன் யோக்கியன் இல்ல, அதனால கொஞ்சம் பொறுங்கன்னு எப்படிச் சொல்றது? இன்னொண்ணு, அந்த 2016 தீர்மானமே, அன்னைக்கு ஒட்டோமான் அரசோட கூட்டாளியா இருந்த ஜெர்மனி விஷயம் தெரிஞ்சும் தடுக்கலைன்னு ஒத்துக்குது. எர்டோகன் ஹெரேரோ பேரை எடுத்தது ஹெரேரோக்களுக்காக இல்ல, தன் நாட்டு மேல வந்த பேச்சை மாத்துறதுக்காக. சீனாவும் இதேதான் செஞ்சது, 2021 பிப்ரவரியில சீனாவுல உய்குர் முஸ்லிம் மக்களுக்கு நடக்கிறது இனப்படுகொலைன்னு கனடா பார்லிமென்ட் ஓட்டுப் போட, ஜூன்ல ஐ.நா.வுல கனடாவோட பழங்குடிப் பிள்ளைங்க கதையை எடுத்துச்சு. ஆனா 2022ல அதே பார்லிமென்ட் பழங்குடிப் பிள்ளைங்களைக் குடும்பத்துல இருந்து பிரிச்சு வச்ச தங்களோட உறைவிடப் பள்ளிகள்ல நடந்ததும் இனப்படுகொலைதான்னு ஏகமனதா ஒத்துக்கிச்சு. எனக்கு அந்த வழிதான் சரின்னு படுது.

ஜெர்மனி இடறுற இடம் வேற. 2024 ஜனவரி 12ஆம் தேதி, சர்வதேச நீதிமன்றத்துல இஸ்ரேல் மேல தென்னாப்பிரிக்கா போட்ட இனப்படுகொலை வழக்குல இஸ்ரேல் பக்கம் நிக்கப்போறோம்னு அறிவிச்சாங்க. ஹெரேரோக்கள் ஜெர்மனிக்கு எதிரா எழுந்ததும் ஒரு ஜனவரி 12ஆம் தேதிதான், சரியா 120 வருஷத்துக்கு முன்னாடி. மறுநாளே நமீபிய ஜனாதிபதி ஹாகே கைன்கோப், எங்க மண்ணுல செஞ்சதுக்கே இன்னும் முழுசா பரிகாரம் பண்ணாத நாடு இப்படி நிக்கிறதான்னு கண்டிச்சார். எர்டோகனும் கைன்கோபும் சுட்டிக் காட்டினது ஒரே குற்றத்தைத்தான், ஆனா ஒருத்தர் தன்னைக் காப்பாத்திக்கக் கேட்டார், இன்னொருத்தர் அடிபட்டவங்க நாட்டுல இருந்து கேட்டார். ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

யூதர்களுக்குச் செஞ்சதை நினைவுல வச்சிருக்க ஜெர்மனி எவ்வளவோ செஞ்சிருக்கு, அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா அந்த நினைவு நமீபியா வரைக்கும் நீளல. 2021ல இனப்படுகொலைதான்னு ஒத்துக்கிட்டு 30 வருஷத்துல 110 கோடி யூரோ தர்றதா சொன்னாங்க, இழப்பீடுங்கிற பேருல மட்டும் தரமாட்டாங்களாம். எங்களை விட்டுட்டு நமீபிய அரசாங்கத்தோட மட்டும் பேசி முடிச்சா எப்படின்னு ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் அதை ஏத்துக்கல. எர்டோகன் கேள்வியை விட்டுட்டு இவங்க கேக்கிறதைத் தேடிப் படிங்க எஸ்., எங்களோட நேரா உக்காந்து பேசுங்க, இழப்பீட்டை இழப்பீடுன்னே சொல்லுங்க, பறிச்ச நிலத்தைப் பத்திப் பேசுங்கன்னு கேக்கிறாங்க, அங்க பெரிய பண்ணை நிலத்துல பெரும்பகுதி இன்னைக்கும் வெள்ளைக்காரங்க கையிலதான் இருக்கு.