செயலமர்வுக்குப் போனேன், மண்ணைத் தொடவில்லை

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் கற்பிக்கிறேன். இரண்டு வருடத்தில் நான்கு செயலமர்வுகளுக்குப் போய்விட்டேன். எல்லாமே திரையில் படம், கடைசியில் சான்றிதழ். நெல் வயலையே பார்க்காத பிள்ளைகளிடம் பெரும்போகம், சிறுபோகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று பெற்றோர் வேறு கேட்கிறார்கள். உருப்படியான பயிற்சி எங்கே கிடைக்கும்?

பதில்: நானும் மூன்று நாள் பயிற்சி ஒன்றில் கதிரையை விட்டு எழும்பாமல் சான்றிதழ் வாங்கி வந்தவன்தான், டீச்சர். மதியச் சோறு நன்றாக இருந்தது. ஞாபகத்தில் நிற்பது அது மட்டும்தான்.

எந்தப் பயிற்சி என்று பார்க்க முன்னர், உங்கள் மலைச்சரிவில் என்ன தெரியவேண்டும் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இரண்டு விஷயம். ஒன்று, மண்ணின் அமிலத்தன்மை. அதை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கூட. தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். கரட்டுக்கும் கோவாவுக்கும் 6க்குக் கிட்ட வேண்டும். லயத்துக்குப் பின்னால் போட்ட கோவா ஏன் சுருண்டு நிற்கிறது, அமிலத்தைக் குறைக்கப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் எதற்கு என்பதெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

மற்றது, சமவுயரக் கோடு, அதாவது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோடு, போடுவது. இதைப் படம் பார்த்துப் பழக முடியாது. மூன்று கம்பை ஏ எழுத்து மாதிரிக் கட்டி, உச்சியில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தில் ஒரு கோடு. கால்கள் நின்ற அதே இரண்டு இடத்திலேயே சட்டத்தைத் திருப்பி, கால்களை மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் மட்டம். அப்புறம் நூல் அந்த நடுவில் நிற்கும்படி கால் மாற்றி மாற்றி சரிவின் குறுக்கே நடந்து முளை அடித்தால் பாத்திக்கும் தண்ணீர் வடியும் கானுக்கும் கோடு தயார். மழையில் மேல்மண் ஓடாது. முதல் தடவை யாருக்கும் பிழைக்கும், எனக்கும் பிழைத்தது.

சரி, யாரிடம் கேட்பது? வலயத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் ஐந்தாறு விவசாய ஆசிரியர்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஃபைலுக்குள் போய்விடும். "வெளிக்களத்தில், தமிழில்" என்ற இரண்டு சொல்லையும் கட்டாயம் எழுதுங்கள். விவசாயத் திணைக்களத்துக்கு கன்னொறுவையில் சேவைக்காலப் பயிற்சி நிலையம் இருக்கிறது; 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே, தலவாக்கலையில். ஊர் விவசாயப் போதனாசிரியரையும் விடாதீர்கள். இடையில் சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள்.

பெற்றோர் மேல் கோபிக்க வேண்டாம். மண்வெட்டி அவர்களுக்கு நாட்சம்பளத்தை ஞாபகப்படுத்துகிறது. தோட்டத்தில் கான் வெட்டி ஓய்ந்த தாத்தா ஒருவர் இருப்பார். கோடு போடும் அன்றைக்கு அவரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் அடித்த முளை சரியா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.