பாதையின் சொந்தக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் டப்ளினில் வேலை பார்க்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ஜூன் மாதம் அம்மா தென்காசியிலிருந்து வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. எல்லோரும் சேர்ந்து நடக்கும்படியான மலைப்பாதைகள் அயர்லாந்தில் எவையெவை என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் மேற்கு அயர்லாந்தில் மேயோ பக்கம் ஒரு சுற்றுப்பாதைக்குப் போயிருந்தோம். நாய்க்கு அனுமதியில்லை என்று பலகை இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் நாய் சாது, வாரில்தான் பிடித்திருந்தோம். பாதி வழியில் வயதான விவசாயி ஒருவர் மறித்து, கடுமையாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். குழந்தைகள் முன்னால் அவமானமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். மலை எல்லோருக்கும் பொதுதானே? எங்கள் நிறம்தான் காரணமோ என்றும் ஒரு நினைப்பு வந்துபோகிறது.

கா., டப்ளின்

*

அன்புள்ள கா.,

நான் இருப்பதும் மேயோவில்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையேறும் பாதை இந்த வசந்தத்திலிருந்து மூடிக்கிடக்கிறது. அதை நினைத்து மனம் வெதும்பியிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் காரமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிறம் பார்ப்பவர்கள் இந்த நாட்டில் இல்லை என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். நானும் இங்கே வாழ்கிறவன்தான். அந்தச் சந்தேகம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அன்றைய நாளே கசந்துபோகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆடுகள் குட்டி ஈனும் ஈஸ்டர் காலத்தில் நாயோடு வந்தவர் அடுத்த பண்ணைக்காரரின் மகனாக இருந்தாலும் அந்தப் பெரியவர் அதே குரலில்தான் திருப்பியிருப்பார். அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

இப்போது பலகைக்கு வருவோம். “பலகை இருந்தது உண்மைதான்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்குப் போனீர்கள்? உங்கள் மகளுக்கு எட்டு வயது, ஆங்கிலம் நன்றாகவே வாசிப்பாள். அந்தப் பலகையை அவளும் வாசித்திருப்பாள். அம்மாவும் அப்பாவும் அதைத் தாண்டி நடந்ததைப் பார்த்திருப்பாள். குழந்தைகள் முன்னால் அவமானம் என்று நீங்கள் சொல்வது எனக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விவசாயி வந்தது அதற்குப் பிறகு.

நாய் சாதுவானது என்கிறீர்கள். சந்தேகமே இல்லை. ஆனால் சினையாட்டுக்கு அது எப்படித் தெரியும்? செம்மறிக்கு நாய் என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். நாய் கடிக்கவே வேண்டாம். மிரண்டு ஓடிய ஓட்டத்திலேயே குட்டி கலைந்துவிடும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டியை விட்டுத் தாய் பிரிந்து ஓடிவிடும். பிறகு அதைத் தேடிச் சேர்க்காமல் போகும் தாய்களும் உண்டு. மார்ச் மாதம் எங்கள் பக்கத்துப் பண்ணையில் இதுதான் நடந்தது. யாருடைய நாய் என்று இன்றுவரை தெரியவில்லை. காலையில் நான் போனபோது பண்ணைக்காரர் வேலியோரம் மண்டியிட்டு ஒரு தாயாட்டின் விலாவில் கை வைத்திருந்தார். குட்டி உள்ளேயே இறந்துபோயிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை கேட்டில் சங்கிலி ஏறிவிட்டது. என் மகள் சிறுமியாக இருந்தபோது ஓடித் திரிந்த பாதை அது. சங்கிலியை எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. சட்டமும் அவர் பக்கம்தான். 1986ஆம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆட்டை விரட்டும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாதபோது சுட்டாலும் விவசாயிக்குப் பாதுகாப்புத் தருகிறது. உங்களை நிறுத்தியவர் குரலை மட்டும்தான் உயர்த்தினார்.

ஸ்காட்லாந்து நண்பரை விட்டுத்தள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் அங்கே நடக்கும் உரிமையைத் தந்திருப்பது உண்மை. பொறுப்போடு நடப்பவருக்குத்தான் அந்த உரிமை. இளங்குட்டிகள் இருக்கும் வயலுக்குள் நாயைக் கொண்டுபோகாதே என்று அங்குள்ள நடைநெறியும் சொல்கிறது.

அயர்லாந்தின் கதை வேறு. இங்கே மலையில் நடக்கும் பொது உரிமை என்று ஒன்று கிடையாது. தேசியப் பூங்காக்களும் அரசின் காடுகளும் உண்டு. மற்றபடி அம்புக்குறி போட்ட சுற்றுப்பாதைகளில் எத்தனையோ ஏதோ ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம் வழியாக, அவர்கள் சம்மதத்தால் மட்டுமே போகின்றன. மேற்கே சில மலைச்சரிவுகள் கூட்டு மேய்ச்சல் நிலங்கள். அந்தக் கூட்டிலும் பங்கு உள்ளவர்கள் குறிப்பிட்ட சில குடும்பங்கள்தான், நீங்களும் நானும் அதில் இல்லை. 2008இல் தொடங்கிய நடைபாதைத் திட்டத்தின்கீழ் அரசு இவர்களுக்குப் பணம் தருகிறது. புல் வெட்டவும், படி சீராக்கவும், அம்புக்குறிக் கம்பத்தை நிமிர்த்தவுமான கூலி அது. நிலத்துக்குள் நம்மை விடுவதற்கு விலை அவர்கள் வாங்குவதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் நூறாண்டுகளுக்கு முந்தைய கதைக்குப் போக வேண்டும். நீங்கள் நடந்த சரிவில் பச்சைப் புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடுகள் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். மேயோவிலும் கானமராவிலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரியும். அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். 1845இல் கிழங்கு அழுகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். குத்தகை கட்ட முடியாதவர்களை நிலச்சுவான்தார்கள் வீட்டை இடித்து வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று மேயோவின் ஸ்ட்ரேட் என்ற ஊரைச் சேர்ந்தது. அந்த வீட்டுப் பையன்தான் மைக்கேல் டேவிட். 1846இல் பிறந்தவர். குடும்பம் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனது. பதினொரு வயதில் லங்காஷயர் பஞ்சாலையில் எந்திரத்துக்குள் வலது கை சிக்கியது, கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து 1879இல் இதே மேயோவில் குடியானவர்களின் நிலச் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அவரே முதன்மையானவர்.

இதில் உங்களுக்குச் சொந்தமான செய்தி ஒன்று இருக்கிறது. நிலம் நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொது என்று நீங்கள் கேட்பதைத்தான் டேவிட்டும் கேட்டார். நிலத்தைத் தேசியமயமாக்க வேண்டும் என்று கடைசிவரை சொன்னார். அவருடைய மக்களே அதை ஏற்கவில்லை. அவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் வேண்டும், யாரும் எழுப்பி வெளியே தள்ள முடியாத நிலம். 1903ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொடுத்தது. அரசிடம் கடன் வாங்கி நிலத்தை வாங்கிக்கொள்ளலாம், 68½ ஆண்டுத் தவணையில் அடைக்க வேண்டும். உங்களை மறித்த பெரியவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கக்கூடும். அவரிடம் போய் மலை பொதுதானே என்று கேட்பதற்கு முன்னால் இதெல்லாம் நினைவுக்கு வர வேண்டாமா? டேவிட் சொன்னது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குடியானவர்களின் பயத்துக்கு முன்னால் என் நியாயத்தை வைத்து வாதாட எனக்கு வாய் வராது.

அந்தப் பயத்தோடு வழக்குப் பயமும் சேர்ந்திருக்கிறது. விக்லோ மலையில் சதுப்பு நிலம் மிதிபடாமலிருக்கப் போட்ட பலகைப் பாதையில் 2013இல் ஒருவர் இடறி விழுந்தார். கீழ் நீதிமன்றம் 40,000 யூரோ கொடுக்கச் சொன்னது. 2017இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் பாதையை மூடிவிடலாமா என்ற பேச்சு ஓடியது என்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். நல்லவேளையாகப் பெரும்பாலோர் மூடவில்லை.

ஆகவே குழந்தைகளோடு போகும்போது தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். கேட்டின் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். சாத்தியிருந்த கேட்டைத் திறந்தால் கடைசி ஆள் வந்தபின் சாத்த வேண்டும். திறந்தே கிடந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக அது இருக்கலாம். கல்சுவர்மேல் ஏறக் கூடாது. சாந்தில்லாமல் அடுக்கியவை, ஒரு கல் உருண்டால் ஒரு கெஜம் சரியும். எட்டு வயதுக் குழந்தை இதையெல்லாம் பெரியவர்களைவிட அக்கறையாகச் செய்யும். என் மகள் செய்தாள், மறந்த விருந்தாளிகளைத் திரும்ப நடக்கவும் வைத்தாள்.

நீங்கள் கேட்ட பாதைகள். அம்மாவுக்கு விக்லோவிலுள்ள க்ளெண்டலாக்தான் சரி. துறவி கெவின் ஆறாம் நூற்றாண்டில் அமைத்த மடத்தின் இடிபாடும், முப்பது மீட்டர் உயர வட்டக் கோபுரமும், இரண்டு ஏரிகளும் அங்கே இருக்கின்றன. கீழ் ஏரியோரப் பாதை சமதளம். மேல் ஏரியின் வடகரையில் பழைய ஈயச் சுரங்கத்துக்குப் போகும் வழியும் ஏற்றமில்லாதது, பையன் ஓடுவான். ஸ்பிங்க் முகட்டுக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள், நூற்றுக்கணக்கான மரப்படிகள். சீக்கிரம் கிளம்புங்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது. மேற்கே வந்தால் லெட்டர்ஃப்ராக்கில் கானமரா தேசியப் பூங்கா. டயமண்ட் மலையின் கீழ்ச்சுற்று 3 கிலோமீட்டர்தான். உச்சி 442 மீட்டர், அது மகள் இன்னும் வளர்ந்த பிறகு. நாயையும் கூட்டிப்போக வேண்டுமென்றால் வாட்டர்ஃபோர்டின் பழைய ரயில் தடம் இருக்கிறது. டங்கார்வன்வரை 46 கிலோமீட்டர், வேண்டிய துண்டை மட்டும் நடக்கலாம். வழியில் ஒரு சுரங்கப்பாதை வரும், குழந்தைகள் கத்திப் பார்ப்பார்கள். அங்கே வாரில் பிடித்த நாயை யாரும் தடுக்க மாட்டார்கள்.

பாம்பைப் பற்றி அம்மா பயப்படுவார். இந்தத் தீவில் பாம்பே கிடையாது என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. வீடு திரும்பியதும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் தலைமுடி ஓரத்தையும் பாருங்கள். அம்மாவுக்கு இங்கே வந்ததும் நல்ல பிடிப்புள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். ஊரிலிருந்து போட்டுவரும் செருப்பு ஈரப்பாறையில் நிற்காது.

அன்புடன்.