அப்பா பெயரில் மின் இணைப்பு

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநில வாக்காளர் பட்டியலில், 2022 ஜூலையில்தான் குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியினரை எண்ணிக்கையில் முந்தினார்களாம். ஆனால் 2000 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் அங்கே ஜெயிப்பது குடியரசுக் கட்சிதானே? கணக்கு உதைக்கிறதே!
- வாசகர் ஒருவர், தேனி

பதில்: எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்றும் என் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பணம் கட்டுகிறேன், விளக்கு எரிகிறது. பெயரை மாற்ற யார் அலைவது?

நம் ஊர் வாக்காளர் பட்டியலில் கட்சிக்கு இடமே கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பெயரைப் பதியும்போதே கட்சியையும் குறித்துக்கொள்கிறார்கள். நவம்பரில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை அது கட்டுப்படுத்தாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்குத்தான் அது அனுமதிச் சீட்டு.

சூட்சுமமே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. கென்டக்கியின் கிராமப்புறக் கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பலவற்றில் ஷெரீப் எனும் காவல் தலைவர் யார், கவுன்டி நிர்வாகி யார் என்பதெல்லாம் நெடுங்காலம் மே மாதத்திலேயே, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே முடிந்துவிடும். எதிர்த்து நிற்கவே ஆள் இருக்காது. அங்கே குடியரசுக் கட்சிக்காரராகப் பதிந்துகொண்டால் உள்ளூர் விவகாரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே மே மாதத்தில் ஷெரீபுக்காக ஜனநாயகக் கட்சி, நவம்பரில் அதிபருக்காகக் குடியரசுக் கட்சி. விவரமான ஆசாமிகள்! மனம் மாறினாலும் முந்தைய ஆண்டு டிசம்பர் 31க்குள் கட்சியை மாற்றிப் பதிந்தால்தான் மே மாத ஓட்டு உண்டு. அந்தத் தேதி யாருக்கு நினைவிருக்கும்?

எலியட் கவுன்டியைப் பாருங்கள். 1869இல் உருவான நாள் முதல் ஓர் அதிபர் தேர்தலில்கூட ஜனநாயகக் கட்சியைக் கைவிடாத ஊர். 2012இல் ஒபாமாவுக்கும் அங்கே வெற்றிதான். 2016இல் டிரம்புக்கு ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. பட்டியலோ அன்றும் பெருவாரியாக ஜனநாயகக் கட்சிப் பட்டியல்தான்.

பெரியவர்கள் காலமாக, இளையவர்கள் நேரே குடியரசுக் கட்சியில் பதிய, உள்ளூர் தலைவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் தாவத் தாவத்தான் ஏடு மாறும். 2022இல் நீங்கள் படித்தது பழைய செய்தி. ஏட்டில் ஏற இருபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பட்டியலை வைத்து முடிவைக் கணிக்கவே முடியாதா?
- அதே வாசகர்

பதில்: மொத்த எண்ணிக்கையை விட்டுத்தள்ளுங்கள். புதிதாகப் பதிகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், கட்சி மாற்றிப் பதிகிறவர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பாருங்கள்; ஓரளவு பிடிபடும். அதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். குடியரசுக் கட்சியினர் பட்டியலில் முந்திய மறு ஆண்டே, 2023இல், அதே கென்டக்கி மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியரை இரண்டாம் முறை ஆளுநராக்கினார்கள்.