அறிவிப்புப் பலகையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறை அறிவிப்புப் பலகையில் போட்டி, பயிற்சிப் பணி என்று நாள்தோறும் ஏதாவது ஒட்டுகிறார்கள். எதற்கு விண்ணப்பிப்பது?

பதில்: எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து எதையும் முடிக்காமல் விடுவதைவிட, ஓராண்டுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வதே மேல். வேகமாக நிரல் எழுதுவீர்கள் என்றால் கல்லூரி அணிகளுக்கான பன்னாட்டு நிரலாக்கப் போட்டியான ஐ.சி.பி.சி.க்குத் தயாராகலாம்; மூவர் அணிக்கு ஒரே கணினி, 5 மணி நேரம் என்பதால், ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் அடுத்த கணக்கைத் தாளில் தீர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே பெரிதும் கைகொடுக்கும்.

நிதானமாக வேலை செய்பவருக்கு, கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோடு’ திட்டம் பொருத்தமானது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தேர்வானவர்கள் திறந்த மூல மென்பொருளை (நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடியது) உருவாக்கும் ஓர் அமைப்பின் வழிகாட்டியோடு பணிபுரிந்து உதவித்தொகையும் பெறுகிறார்கள். விண்ணப்பிக்கும் நாள் வரை காத்திராமல், உங்களுக்குப் பிடித்த மென்பொருளின் மூல நிரலை இப்போதே இறக்கி, நிறுவல் கையேட்டில் இருக்கும் ஒரு பிழையையாவது திருத்தி அனுப்பிப் பாருங்கள். திருத்தம் ஒரே வரியாக இருக்கலாம், ஆனால் அதைப் பரிசீலிப்பவர் மூன்று முறை திருப்பி அனுப்பும்போது நீங்கள் கற்பது வகுப்பறையில் எளிதில் கிடைக்காது.

சேர்வதற்கே கட்டணம் கேட்கும் பயிற்சிப் பணிகளை (இவை பெருகிவிட்டன) விண்ணப்பிக்காமலே விட்டுவிடலாம்.