கொடுத்த வீட்டை விட்டு ஏன் வருகிறார்கள்?

கேள்வி: கூவம் ஓரக் குடிசைவாசிகளுக்கு அரசு அடுக்குமாடி வீடு கொடுக்கிறது, முதியோருக்குப் பென்ஷன் கொடுக்கிறது. சிலர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். இப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சோம்பேறியாகத்தானே ஆவார்கள்? இவர்களுக்காக இன்னும் என்ன சட்டம்தான் போடுவது? (வாசகர், ஆவடி)

பதில்: புதிதாக ஒன்றும் வேண்டாம். 1971-இல் போட்ட தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் இருக்கிறது. அதை நடத்தினாலே போதும்.

வருகிறார்கள் என்கிறீர்கள், ஏன் என்று யாரிடமாவது கேட்டீர்களா? எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஆற்றோரத்தில் இருந்தவரை மூன்று வீடுகளில் வேலை செய்தார். பத்து நிமிட நடை. ஊருக்கு வெளியே மாற்றிய பிறகு விடிவதற்கு முன்பே கிளம்பி, ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு பஸ் மாறி வருகிறார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் காலை எட்டு மணிக்குள் பாத்திரம் தேய்த்தாக வேண்டிய இரண்டு வீடுகள் கைவிட்டுப் போய்விட்டன. இட்லிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். மகள் பள்ளிக்குக் கிளம்புவதை அவர் பார்த்தே பல மாதம் ஆகிறதாம்.

கூவம் ஓரத்துச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து, அரசு அடுக்குமாடி வீடுகள் இருக்கும் பெரும்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே சுவரும் கூரையும் உண்டு, பிழைப்பு இல்லை. கூலிக்காரனுக்கு வீடு என்பது வேலைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துத்தான்.

அந்தப் பழைய சட்டத்தின் பெயரிலேயே 'மேம்பாடு' முதலில் வருகிறது, 'அகற்றுதல்' அதற்கு அப்புறம்தான். ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கேயே தண்ணீர், கழிப்பறை, விளக்கு செய்து தர வழி உண்டு. உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் யாரையும் காலி செய்யவும் முடியாது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூடச் சேரவில்லை. இடையில் ஊர் எவ்வளவு பெருத்தது! 2021-இல் குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான், எனக்குப் பிடித்திருக்கிறது. புதிய பகுதிகளுக்குப் பட்டியலையும் திறந்திருக்கலாம்.

பென்ஷனைச் சொன்னீர்கள். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது, ஒரு நாளைக்கு 40 ரூபாய். 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். பல ஆண்டுகளாக மாறாத தொகை அது. இந்தப் பணத்தில் ஒரு கிழவி சோம்பேறியாகிவிடுவாள் என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வார்டில் இருக்கும் குடிசைப் பகுதி அந்தச் சட்டப்படி அறிவிக்கப்பட்டதா என்று, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு நகல் எங்களுக்கு அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.