வந்த ஊரில் முதலில் விருந்தாளியாக இருங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. மிஷனெரிப் பயிற்சி முடித்து, மொழியும் முகமும் தெரியாத ஒரு பணித்தளத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் பேசினால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். உடன் ஊழியராக இருக்கும் அண்ணன் என்னைவிட மிகவும் மூத்தவர். அதிகம் பேசமாட்டார், சின்ன விஷயங்களுக்கெல்லாம் இருவருக்கும் உரசல். என்னோடு பயிற்சி முடித்தவர்கள் ‘இத்தனை வீடு சந்தித்தோம், இத்தனை பேர் ஜெபத்துக்கு வந்தார்கள்’ என்று மாத அறிக்கை எழுதுகிறார்கள். எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. அம்மா போன் செய்தால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன். என் அழைப்பே தவறோ? அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டேனோ என்ற பயத்தில், போகவேண்டாம் என்று நினைக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பி,

அழைப்பு சரியா தவறா என்ற கேள்வியை இப்போதைக்கு எடுத்து ஓரமாக வையுங்கள். தூக்கம் கெட்டிருக்கும்போது எந்த யோசனையும் இருட்டாகத்தான் தெரியும். ஒரு வருடம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் அதே கேள்வியைக் கேளுங்கள். அப்போது வரும் பதிலை நம்பலாம்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எதைக் கொடுத்தேன், யாரைச் சந்தித்தேன், எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலேயே உங்கள் மனசு நிற்கிறது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை வாசியுங்கள். இயேசு தம் ஆட்களை அனுப்பும்போது பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம் என்கிறார். அதாவது, போகிற ஊரில் இன்னொருவர் தயவில்தான் அவர்கள் இருந்தாகவேண்டும். அடுத்து அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: வீட்டுக்குள் போனதும் வாழ்த்துச் சொல்லுங்கள், அங்கேயே தங்குங்கள், முன்னே வைப்பதைச் சாப்பிடுங்கள், நோயாளிகளைக் குணமாக்குங்கள். தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது. போதிக்கப் போனவர்கள் முதலில் ஒரு வீட்டின் விருந்தாளிகளாக உட்கார்ந்தார்கள். நீங்கள் அந்த முதல் படிகளைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு களைப்பு.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. சிரிக்கிறவர்கள் திருத்தவும் செய்வார்கள். பெரியவர்கள் மரியாதைக்காக உங்கள் தப்பை விழுங்கிக்கொள்வார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது ஏறக்குறைய உங்கள் வயதுதான். அங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில்கூட வைத்தார். தமிழ் கற்க இலக்கணப் புத்தகம் எதுவும் கையில் இல்லாத நிலையில் சீகன்பால்கு என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளி நடத்திய ஒரு வயதான வாத்தியாரைக் கெஞ்சி, பள்ளியைத் தம் வீட்டுக்கே கொண்டுவரச் செய்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு ஜெர்மானியர், சின்னப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக் கற்றிருக்கிறார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அந்தப் புத்தகம் மணலில் தொடங்கியது.

நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘நான் புதிதாக வந்திருக்கிறேன், இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?’ என்பதையே முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் போனில் பதிவு செய்து, வாய்க்கு வரும்வரை சொல்லிப் பாருங்கள். அப்புறம் வெளியே போய், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லுங்கள். சிரிக்கிற பிள்ளையிடம் குனிந்து, ‘நீ சொல்லு பார்ப்போம்’ என்று கேளுங்கள். கடினமான உச்சரிப்பு வந்தால் அந்தக் குழந்தையின் உதட்டைப் பாருங்கள். நாக்கு எங்கே படுகிறது என்று புத்தகத்தைவிடத் தெளிவாகத் தெரியும். மொழியோடு ஆட்களும் கிடைப்பார்கள். தன்னிடம் உதவி கேட்டவனை யாரும் அந்நியனாகப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அந்த ஊர்க்காரர்கள் உங்கள் அறிக்கைக்கான எண்கள் இல்லை. அவர்கள் உங்களை நம்புவதும் நம்பாமல் போவதும் அவர்கள் உரிமை. அந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதைப் பொறுப்பாளரிடம் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். உள்ளதை எழுதுங்கள். ‘இந்த மாதம் நடந்து முடிந்ததைச் சொல்லும் வினைச்சொற்களைக் கற்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் என் பெயரைக் கேட்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வந்த கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். எனக்குத் தனிமையாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ இதை வாசிக்கிறவர்கள் உங்களுக்காக உண்மையிலேயே முழங்கால் போடுவார்கள். வெறும் எண்ணைப் பார்த்து என்ன சொல்லி ஜெபிப்பார்கள்? இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793 நவம்பரில். அவர் காலத்து முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். இடையில் ஏழு வருடம். மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால், அவர் 80-க்கும் மேற்பட்ட ‘ஒன்றுமில்லை’ அறிக்கைகள் எழுதியிருக்கவேண்டும்.

கேரியின் கதையை நம் மேடைகளில் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அவர் மனைவி டாரத்தி முதலில் வர மறுத்து, கடைசி நேரத்தில் மனசு மாறிக் கப்பல் ஏறியவர். வந்த மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரத்தியின் மனநிலை பாதிக்கப்பட்டு, 1807-இல் இறக்கும்வரை சரியாகவே இல்லை. புது இடத்தின் துக்கத்தை ‘ஊழியத்தில் இதெல்லாம் சகஜம்’ என்று யாராவது தள்ளிவிடும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். அன்று அவருக்கு மருத்துவம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் டாக்டரைப் பாருங்கள், பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்துவிடுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. அம்மாவிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்பதை நிறுத்திவிட்டு, ‘கஷ்டமாத்தான் இருக்கும்மா, பழகிக்கிட்டிருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலை வைத்து அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்.

உடன் ஊழியர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லமுடியும், அவர் பக்கத்தை நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையை இருவருக்கும் என்று ஒதுக்குங்கள். எது எரிச்சலாக இருக்கிறது என்பதை அவர் முதலில் சொல்லட்டும், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். அவருடைய முதல் வருடம் எப்படி இருந்தது என்று ஒருநாள் கேளுங்கள். அந்த மௌனத்துக்குள் உங்கள் கதையே இருக்கலாம். அப்படியும் சேர்ந்து இருக்கமுடியாவிட்டால் இடமாற்றம் கேட்பதில் வெட்கம் இல்லை. பவுலும் பர்னபாவுமே பிரிந்து வேறு வேறு வழியில் போனவர்கள்தான்.

அவர்கள் பிரியக் காரணமே, பாதியில் ஊருக்குத் திரும்பிப்போன ஓர் இளைஞன். பயண வழியில், பம்பிலியாவில் தங்களை விட்டுவிட்டுப் போன மாற்குவைப் பவுல் மறுபடி கூட்டிப்போகவே மறுத்தார். அதே பவுல் வயதான பிறகு, மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியாக இருப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஊருக்குப் போவதோடு எல்லாம் முடிந்துபோகும் என்று ஏன் பயப்படுகிறீர்கள்?

அக்கா கல்யாணத்துக்குப் போங்கள். இந்த வாரமே விடுப்புக் கேளுங்கள், திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் எதற்காகப் போகிறீர்கள் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது காட்டக் கல்யாணப் படங்கள் கொஞ்சம் போனில் இருக்கட்டும். மொழிப் பாட நோட்டை மட்டும் பையில் வைக்காதீர்கள். அந்த நாட்கள் அக்காவுக்கு.